பத்து சதவீதம்

வால்பரைசோவில் ஞாயிற்றுக்கிழமை என்றால்
பன்னிரண்டரைக்கே மேசைகள் நிரம்பிவிடும்.
ஜன்னலோரம் நான்கு மேசை. அங்கிருந்து கடல் தெரியும்,
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும்.
மற்ற பத்தில் உட்கார்ந்தால்
மற்றவர்கள் சாப்பிடுவது தெரியும்.

யாருக்கு எது என்று முதலாளி எரிபெர்த்தோ
ஒருநாளும் சொன்னதில்லை.
கதவு திறந்து மூடுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும்.
முதலில் செருப்பைப் பார்ப்பேன்,
பிறகு எத்தனை பிள்ளைகள்,
பிறகு கூடவே ஓர் ஆண் வருகிறானா.
பத்தொன்பது வருடம்.
விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடிப் போவதுபோல
கண் தானாகப் போகும்.

சாண்டியாகோவிலிருந்து இரண்டு கார்களில் வந்து இறங்குவார்கள்,
மகன்கள், மருமகள்கள், வெள்ளைச் சீருடையில் ஆயா ஒருத்தி.
பதினோரு பேருக்குப் பத்து மெனு அட்டை வைப்பேன்.
யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.
குழந்தை மிச்சம் வைத்த மீனில்
முள் பொறுக்கிக்கொண்டே அவள் தின்னும்போது
நான் மறுமுனையில் ஒயின் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை பெண்கள் இருவர், நடுவில் ஒரு பையன்.
"பையனோட அம்மாவுக்கு என்ன கொண்டுவரட்டும்?" என்றேன்.
"பூண்டு இறால்" என்றார்கள்
இருவரும், ஒரே மூச்சில்.
பில்லை யார் பக்கம் வைப்பதென்று தெரியாமல்
பையன் முன்னால் வைத்தேன்.
அவன் அதில் கப்பல் செய்தான்.

வில்னேர் என்ற பெயரில் முன்பதிவு இருந்தது,
ஜன்னலோரம் என்றே எழுதியிருந்தது.
மனைவி, கைக்குழந்தையோடு அவர் உள்ளே வந்தபோது
கணினியில் ஏதோ தவறு என்றேன்.
ஹைத்திக்காரர். என்னைவிடச் சுத்தமான ஸ்பானிஷ்.
நான்தான் உரக்க, ஒவ்வொரு சொல்லாக,
செவிடரிடம் பேசுவதுபோல மெனுவை விளக்கினேன்.
அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்,
பழக்கப்பட்டவர் கேட்பதுபோல.

ஒசியேல் வந்தால் மட்டும் அடுக்களையே உருகும்.
விவாகரத்து ஆனவர்; ஒன்றுவிட்ட ஞாயிறு மகள் அவருடையவள்.
கோணல்மாணலாக அவர் பின்னிவிட்ட சடையைப் பார்த்து
"பாவம், ஒண்டியா சமாளிக்கிறார்" என்போம்.
கணக்கில் வராமல் ஒரு துண்டு கேக் போகும்.

அதே ஒண்டிதான் அவளும்.
யஸ்னா. பெயரைப் பிறகு அட்டையில்தான் படித்தேன்.
மூன்று பிள்ளைகள்.
துடைக்கப்போகும் தரைதான் எனக்கு நினைவு வந்தது.
கழிவறைப் பக்கம், பதினாலாம் மேசை.
ஆடும் கால். காகிதத்தை மடித்து முட்டுக்கொடுத்திருந்தோம்.

சூப் வந்தது. மூத்தவளுக்கு ஆறு வயதிருக்கும்,
மேசைக்கடியில் புகுந்து அந்தக் காகிதத்தை உருவி, விரித்து,
முழங்கையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.
தம்பியிடம் குனிந்தாள்:
"வாங்க ஐயா, கடல் பக்கம் உட்காருங்க."
சின்னவனுக்கும் ஒரு புன்னகை.
அம்மாவிடம் வந்ததும் முகம் அணைந்தது.
செருப்பைப் பார்த்தாள்.
அப்புறம் தோளுக்கு மேலே எங்கோ பார்த்து,
"நாலு பேர்தானா?"

என் குரல். என் கழுத்துத் திருப்பம்கூட.
யஸ்னா வாய்விட்டுச் சிரித்தாள்,
தட்டோடு நான் நிற்பதைக் காணும்வரை.

"ஜன்னலோரம் காலியாயிடுச்சு, மாறிக்கிறீங்களா?"
"பாதி சாப்பிட்டாச்சு. பரவாயில்லை."
மேசை ஆடி, சூப் விளிம்பு தாண்டியது.
அவளே துடைத்தாள்.

பில் போடும்போது எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி:
பத்து சதவீதம் சேர்க்கட்டுமா?
வேண்டாம் என்று சொல்லேன், என்றிருந்தது எனக்கு.
"சேருங்க" என்றாள்,
சின்னவனின் மூக்கைத் துடைத்தபடி.
இரண்டாயிரத்து அறுநூறு பெசோ.

பதினாலாம் மேசை இன்னும் ஆடுகிறது.
முதலாளியிடம் சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை.